இடைவேளை மணி

முப்பது பிள்ளைகளும் மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தார்கள். முன்னால் ஆசிரியை ஜோவெலினும் அப்படியே. தலைமையாசிரியை ரெமெடியோஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

இடைவேளை மணி இன்னும் அடிக்கவில்லையே என்று பார்க்கத்தான் வந்தார். சந்தைக்கடையாக இரைகிற வகுப்பில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. மேசைகளில் காலிப் பால் டம்ளர்கள்.

பால்! சமையற்கட்டுக்கு ஓடினார்.

"லோர்னா, பாலை எல்லாரும் குடிச்சாங்களா?"

"டம்ளரை நக்காத குறைதான். ஜோவெலின் டீச்சரும் குடிச்சாங்க. ஏன் மேடம்?"

"கெட்டுப் போயிருந்துச்சா?"

"படகுல வெயில்ல கிடந்த எருமைப்பாலு, வேணாம்னு அப்பவே சொன்னேன். நீங்கதானே 'ஒண்ணும் ஆகாது, குடு'ன்னீங்க!"

குழந்தை ஏசுவே! கொரோனா கொண்டுபோகாத பிள்ளைகளை நானே கொன்றுவிட்டேனா என்று ரெமெடியோஸ் தலையில் அடித்துக்கொண்டார். கூடவே ஜோவெலின் வேறு! பள்ளி மறுபடி திறந்ததிலிருந்து இரண்டு வகுப்பும் அவள் தலையில்தான். வீட்டிலேயே கிடந்து எழுத்தை மறந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலமும் பாடம். "ஒரே ஒரு நாள் லீவு குடுங்க மேடம், முடியல" என்று நேற்று பிள்ளைகள் முன்னாலேயே அழுதாள். அதிகாரிகள் வந்து ஆய்வு முடியட்டும் என்று தட்டிக் கழித்ததும் இவர்தான்.

"மணியை அடி லோர்னா! வயல்ல இருக்கிறவங்க எல்லாம் ஓடி வரட்டும்!"

லோர்னா வெளியே ஓடிப்போய் அலறினாள். "அடிக்கிற கம்பியைக் காணோம் மேடம்! காலையில இங்கதானே தொங்குச்சு!"

பட்ட காலிலேயே படும் என்பது இதுதான். ரெமெடியோஸ் தடுமாறிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார். ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. ஜோவெலினின் கன்னத்துக்கு அடியில் யாருடைய சட்டையோ மடிந்து கிடந்தது. எதையும் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

முதல் வரிசைச் சிறுமி அனாலினைப் பிடித்து உலுக்கினார். "கண்ணு! எழுந்திரும்மா! ஐயோ, ஒருத்தராவது எழுந்திரிங்களேன்!"

அனாலின் ஒரு கண்ணைத் திறந்தாள். அவள் மடியில் மணிக்கம்பி இருந்தது. விரலை உதட்டில் வைத்தாள்.

"கத்தாதீங்க மேடம்... டீச்சரை இப்பத்தான் தூங்க வெச்சோம்."