தொடாமல் கட்டிக்கொண்ட கதை

காட்டில் தொற்றுநோய் பரவியிருந்த காலம். யாரும் யாரையும் தொடக்கூடாது என்று சிங்கம் உத்தரவு போட்டுவிட்டது. உத்தரவு போடுவது சுலபம். மாதக்கணக்காக வளைக்குள்ளேயே கிடந்த குட்டிகளுக்கு யார் பதில் சொல்வது? முள்ளம்பன்றிதான் கிளம்பியது. வழக்கமாகக் குகைக்குள் போடும் பழைய நாடகத்தை வெட்டவெளியில் போடுவோம் என்றது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். காணாமல் போன முயலைக் கரடி தேடி அலையும். கடைசியில் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்ளும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் குட்டிகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

"கட்டிக்காம எப்படிண்ணே முடிக்கிறது? தூரத்துல நின்னு கும்பிடு போட்டா குட்டிங்க அழுதுடும்," என்றது கரடி.

"நான் சொல்ற இடத்துல நில்லு, போதும்," என்றது முள்ளம்பன்றி. முயலைப் பாறைக்குப் பக்கத்திலும், கரடியை வெகுதூரம் தள்ளி ஒரு மேட்டிலும் நிறுத்தியது.

சாயங்காலம் கடைசிக் காட்சி வந்தது. கரடி கைகளை விரித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் சூரியனை மறைத்தது. கரடி கையை இறக்கவில்லை. மேகம் விலகியதும், கரடியின் பெரிய நிழல் பாறைமேல் விழுந்து, முயலின் சின்ன நிழலை அப்படியே அணைத்துக்கொண்டது.

குட்டிகள் போட்ட கூச்சலில் மரத்துப் பறவைகள் எல்லாம் கலைந்து பறந்தன.

"உனக்கு மட்டும் எப்படிண்ணே இது தோணுச்சு?" என்று கேட்டது கரடி.

முள்ளம்பன்றி தன் முட்களை மெல்லப் படியவைத்துக்கொண்டது.

"நான் எல்லாரையும் எப்பவும் இப்படித்தானே கட்டிக்கிறேன்."