புடைப்பு

பஞ்சர் கடைக்காரர் காற்றடித்த சைக்கிள் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி மெல்லத் திருப்புகிறார். குமிழி எதுவும் வரவில்லை. ஓரிடத்தில் மட்டும் ரப்பர் நைந்து, திராட்சை அளவுக்குப் புடைத்து நிற்கிறது. தண்ணீரில் பட்ட மதிய வெயில் தகரக் கூரையின் அடியில் நெளிகிறது. நேற்று அவருடைய வயிற்று ஸ்கேன் படத்தில் டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டியதும் இதே மாதிரி ஒரு புடைப்பைத்தான். "பெருங்குடல் சுவர் அங்கங்க பலவீனமாகி, சின்னச் சின்னப் பையா வெளியே தள்ளியிருக்கு. நார்ச்சத்து சாப்பிடுங்க, நிறைய தண்ணி குடிங்க, வெளிக்குப் போறப்ப முக்காதீங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது." அந்தப் 'பெரும்பாலும்' கடைக்காரர் காதை விட்டு இறங்க மறுக்கிறது. அவருடைய அண்ணன் செத்துப்போனது அப்படி ஒரு பை வெடித்துத்தான். எதிர்க் கடையில் யாரோ ஷட்டரைத் தூக்க, அந்தச் சத்தத்துக்கு இவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முழங்கை தானாக இடது அடிவயிற்றை அணைத்துக்கொள்கிறது. "என்னண்ணே, தூக்கிப் போட்டுடலாமா?" என்கிறாள் சைக்கிளுக்குச் சொந்தக்காரி. இப்படிப் புடைத்த ட்யூபைக் கண்டால் மறுபேச்சில்லாமல் வெட்டிப் போடக் கத்தரியை எடுக்கிறவர் அவர். இன்று கட்டைவிரல் அந்தப் புடைப்பின் மேலேயே பதமாக நிற்கிறது. "வேணாம்மா. காத்து மட்டும் அளவா அடிச்சுக்க. குழி மேடு பாத்து ஓட்டு. தாங்கும்." சொல்லிவிட்டு அவள் வாயையே பார்க்கிறார், 'தாங்கும்' என்று அவளும் ஒருமுறை சொல்லமாட்டாளா என்று.