ஜெட்டியில் ஒரு மைக்

கப்பல் சங்கு ஊதிவிட்டது. மாயாபந்தர் தீவு ஜெட்டிப் பலகைகள் தடதடக்க ஓடிவந்து, மெயின்லேண்ட் கல்லூரிக்கு ஆள் பிடிக்க வந்தவரை மறிக்கிறாள் சபீஹா. "ஸார், ஜரா ருக்கியே, கொஞ்சம் நில்லுங்க. என் பேச்சையும் பதிஞ்சுக்குங்க." வெற்றிலைச் சாறு அவர் உதட்டோரம் சிவப்பாய் வழிகிறது. தோளில் தொங்கும் டேப் ரிக்கார்டரின் பொத்தானை அமுக்கி, மைக்கை அவள் மூக்கருகே நீட்டுகிறார். "சொல்லும்மா. பிள்ளைங்க ஆசையை எங்க பிரின்சிபால் தன் காதால கேட்டுத்தான் சீட்டே குடுப்பார்." மைக்கில் எச்சில் நாற்றம். மூச்சை அடக்கிக்கொண்டு சொல்கிறாள். "நர்ஸ் படிப்பு வேணும் ஸார். டாக்டர் போட் வர்றதுக்குள்ள எங்க உம்மா பிரசவத்துல போயிட்டாங்க." அவர் கண்ணோ அவள் கழுத்துச் சங்கிலியிலேயே இருக்கிறது. "இருக்கு, எல்லாம் இருக்கு." பின்னால் நிற்கும் வகுப்புத் தோழன் ஜம்புலிங்கம் சிரிக்கிறான். "நான் கேட்ட கப்பலோட்டுற படிப்புகூட இருக்காம், சபீஹா." அவள் சொல்ல வந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கிறாள். அவர் கப்பல் ஏணியில் கால் வைத்ததும் அடுத்த வெற்றிலைக்கு வாய் ஊறுகிறது. ரிக்கார்டரைக் கவிழ்த்து பேட்டரி மூடியைத் திறக்கிறார். உள்ளே மடித்த வெற்றிலையும் சீவல் பொட்டலமும் இருக்கின்றன. பேட்டரி ஒன்றுகூட இல்லை.