பழைய ஓலை

பூவராகவன் விட்ட அறையில் பச்சையம்மாவின் தோடு கழன்று மண்ணில் விழுந்தது.

அவள் குனிந்து தேடி எடுத்து, ஊதி, மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு அத்த மட்டும் உட்டு வெச்சிக்கிற?" என்றான்.

வீட்டுப் பின்பக்கம், வேலியோரம் கிடந்த பழைய ஓலைக் குவியலைத்தான் கேட்டான்.

பங்குனி பிறந்துவிட்டது. கும்மிடிப்பூண்டிக்கு வெளியே அந்தத் தெருவில் எல்லாமே பனையோலைக் கூரைதான். போன கோடையில், அறுபத்தாறில், யாரோ வீசிய பீடித்துண்டு ஒரு வரிசை வீடுகளைத் தின்றுவிட்டுப் போனது. அதிலிருந்து, வெயில் முற்றுவதற்குள் வீட்டைச் சுற்றிக் காய்ந்த சருகோ முள்ளோ கிடக்கக்கூடாது என்று தெருவில் பேசி வைத்திருந்தார்கள். இவர்கள் வீட்டுக்கு அன்றைக்குக் கூரை மாற்ற வேறு ஏற்பாடாகியிருந்தது. புது ஓலை வண்டி வரும் நேரம்.

பச்சையம்மா விடியற்காலையிலேயே இறங்கியிருந்தாள். வேலிக்காத்தான் முள்ளை வெட்டித் தள்ளி, வைக்கோல் துணுக்கு, முருங்கைச் சருகு எல்லாவற்றையும் கூட்டிக் குழியில் கொட்டித் தண்ணீரும் தெளித்திருந்தாள். அந்தக் குவியல் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குத்தான் அறை. பூவராகவனுக்கு அதெல்லாம் கோபத்தில் சேர்த்தி இல்லை. பொன்னேரி அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற கை அது. இரண்டு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் அந்தக் கை சொல்லிவிடும்.

"கை வீங்கிக்கினு கீது. தூக்க முடியல. நீயே எடுத்துப் போட்டுடு" என்றாள் அவள்.

கை வீங்கித்தான் இருந்தது. முந்தாநாள் மீன்குழம்பு ஆறிப்போனதற்கு அவன் முறுக்கிய கை.

அவன் காறித் துப்பிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். குவியலுக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டு, ஒரு கட்டு ஓலையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான்.

மில் கொதிகலனில் ஆவி பிடுங்கியது போல ஒரு சீறல்.

நெஞ்சுக்கு நேராக ஓலை படக்கென்று அதிர்ந்தது. மட்டையின் தடித்த பாகத்தில் அடி விழுந்திருந்தது. மஞ்சளாக ஏதோ அதிலிருந்து வழிந்து அவன் மணிக்கட்டில் சொட்டியது.

ஓலையோடு கீழே விழுந்தது கண்ணாடி விரியன். அவன் தொடை உயரத்துக்கு இருந்தது அதன் நீளம். விழுந்த வேகத்தில் சுருண்டு மறுபடி எகிறியது. இந்த முறை அவன் வேட்டி நுனியைக் கவ்வித் தொங்கியது. அவன் துணியை உதறிவிட்டுப் பின்னால் பாய்ந்தான். கைக்கு மண்வெட்டி கிடைத்தது.

முதல் வெட்டில் வால் போனது. இரண்டாவதில் நடு உடம்பு. தலை துண்டான பிறகும் அவன் நிறுத்தவில்லை. வெட்டினான், திருப்பிப் பிடித்துக் குத்தினான், மண்ணோடு மண்ணாக நசுக்கினான். இரத்தம் முகத்தில் தெறித்தது. தொண்டையிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

கை ஓய்ந்தபோதுதான் குழந்தை ஞாபகம் வந்தது. பையன் எந்நேரமும் அந்த ஓலைக்குப் பக்கத்தில்தான் விளையாடுவான்.

பையனைக் காணவில்லை. காலையிலேயே பச்சையம்மா அவனைப் பக்கத்து வீட்டுக் குப்பாயியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

எப்போதும் வேலிக்கம்பத்தில் கட்டியிருக்கும் ஆடு, இன்று வாசல் பக்கம் கட்டியிருந்தது. கோழிகளைக் கூடையில் கவிழ்த்து மேலே கல் வைத்திருந்தாள்.

அவன் தரையைப் பார்த்தான். துடைப்பம் கீறிய கோடுகள் முற்றமெங்கும் வந்து, ஓலைக்கு இரண்டு முழத்துக்கு முன்பே வளைந்து திரும்பியிருந்தன.

பச்சையம்மா முருங்கை மரத்தடியில் நின்றிருந்தாள். அவள் கத்தவும் இல்லை, ஓடிவரவும் இல்லை.

"மின்னாடியே பாத்தியா?"

"கார்த்தாலயே பாத்தேன்."

மண்வெட்டி அவன் கையில் எழும்பியது. எப்போதும் முகத்தை மறைக்கப் போகும் அவள் கை இந்த முறை எழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் ஏதாவது இருந்திருந்தால் அவன் வெட்டியிருப்பான்.

தெருமுனையில் ஓலை வண்டி வருகிற சத்தம் கேட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போனான்.

மத்தியானம் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றித் தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் தள்ளினான்.

"மொதல்ல நீ துன்னு."

அவள் ஒரு பிடி எடுத்து, நிதானமாக மென்று விழுங்கினாள். அவள் தொண்டையில் சோறு இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் தட்டில் கை வைத்தான்.

பையனைக் கொண்டுவந்து விட வந்த குப்பாயி வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். போய் நாலு பேரிடம் சொன்னாள்.

அன்றிரவும் அப்படித்தான் நடந்தது. மறுநாளும் நடந்தது. அவள்மேல் கை ஓங்குவதும் அன்றோடு நின்றது. பூவராகவன் சாகிறவரை, பெண்டாட்டிக்கு முதல் வாய் கொடுக்காமல் சாப்பிடாத மனுஷன் என்று தெருவில் அவனுக்குப் பேர். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன்களிடம் அவனைக் காட்டித்தான் பெண்கள் பேசினார்கள்.

பச்சையம்மா அதை ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.