வாய் திறக்காத வாத்தியார்

"டாக்டரம்மா, ரத்தம் கசியுது பாருங்க!"

நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது. அவள் பயிற்சி மருத்துவர். குடலிறக்க ஆபரேஷன். எதிரே, காயத்தை விரித்துப் பிடித்தபடி ஒரு நெட்டை மனிதர் நின்றார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

மூலையில் நின்றிருந்த மதிப்பீட்டாளர் எட்டிப் பார்த்தார். இந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் சொல்லிக்கொடுக்கும் லட்சணத்தைப் பார்த்து மார்க் போட வந்தவர். அவர் உள்ளே வந்தபோதே நோயாளியைப் பச்சைத் துணியால் மூடி, முகம் தெரியாதபடி கழுத்துக்கு நேரே ஒரு திரைத்துணியும் கட்டியிருந்தார்கள்.

தலைமை சர்ஜனைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருந்தார். தியேட்டருக்குள் நுழைந்தால் வாய் ஓயாதாம். கத்துகிற கத்தில் கண்ணாடி அதிருமாம். ஆனால், இந்த நெட்டை மனிதரோ வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"பஞ்சு குடுங்க சிஸ்டர்," என்றாள். வைத்து அழுத்தினாள். நிதானமாக எடுத்துப் பார்த்தாள். கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டாள்.

"நின்னுடுச்சு!" என்று மூச்சுவிட்டாள் நர்ஸ்.

திரைத்துணிக்கு அந்தப் பக்கம், மயக்க மருத்துவர் குனிந்து நோயாளியின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். நெஞ்சுக்குக் கீழேதான் மரத்திருந்தது. ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவள் வெளித்தையல் போட ஆரம்பித்தபோது மதிப்பீட்டாளரின் பொறுமை போய்விட்டது. நெட்டை மனிதரிடம் வந்தார்.

"வந்ததிலேர்ந்து பாக்கறேன், ஒரு வார்த்தை சொல்லிக்குடுக்கல. ரத்தம் வந்தப்பகூட மரம் மாதிரி நின்னீங்க. இதுக்குப் பேர் பயிற்சியா? உங்களுக்கு வேண்டியவங்க படுத்திருந்தா இப்படி இந்தப் பொண்ணு கையில கத்தியைக் குடுத்துட்டு வேடிக்கை பார்ப்பீங்களா?"

அவள் புருவம் சுருங்கியது. ஆனால், தையல் பிசகவில்லை.

"ஐயோ, என்னை ஏன் சார் திட்டறீங்க? நான் துணை சர்ஜன். 'அவளா கூப்பிடற வரைக்கும் கையை நீட்டாதே, வாயைத் திறக்காதே'ன்னு தலைமை சர்ஜனோட உத்தரவு."

"உத்தரவு போட்டவர் எங்கே? நான் வர்ற அன்னிக்கின்னு பார்த்து லீவா?"

"லீவுதான் சார், மெடிக்கல் லீவு!" என்று திரைத்துணிக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது. "எனக்கு ஆபரேஷன் யார் பண்ணணும்னு கேட்டாங்க, இந்தப் பொண்ணுதான்னு சொல்லிட்டேன். அவ தையலை முடிக்கட்டும், அப்புறம் என்னைத் திட்டுங்க. எப்படியும் இப்ப என்னால எழுந்து ஓட முடியாது!"