மூட்டைக்கு ஓர் அறை

“பத்து மணிக்குள்ள அறையக் காலி பண்ணு” என்றார் ஸெய்னுலாப்தீன்.

கிணற்றடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஸரீனாவுக்கும் அது கேட்டது. காது மந்தமோ என்று நினைத்தாள். இல்லை. புருஷன் இன்னொரு தடவை சொன்னார்.

எழுபத்தெட்டு நவம்பர். விடிந்ததிலிருந்து ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. கிழக்குக் கரைக்குச் சூறாவளி வருகிறதாம், மாத்தளை வரைக்கும் காற்று அடிக்குமாம். அவர்கள் ஊரான அலுவிகாரையில் எல்லோரும் கூரையைக் கட்ட ஏறிவிட்டார்கள். இப்படியொரு நாளில் வீட்டுக்குப் பின்னால் தானே கட்டிவிட்ட ஒற்றை அறையில் நாலு வருசமாய்க் குடியிருக்கிறவனை எழும்பச் சொல்கிறார்.

செல்லச்சாமி தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து அவர் கடையில் மூட்டை தூக்குகிறவன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“மொதலாளி, புள்ள பொறந்து பதினோரு நாளு. காத்து அடங்கட்டுமுங்க. நானே போயிர்றேன்.”

“மிளகு மூட்ட வைக்கணும். கடைக் கூர தாங்காது.”

“நாங்க எங்கங்க போறது?”

“மத்ரஸா தொறந்துதான் ஈக்கு. ஊரே அங்கதானே போவுது.”

அவன் பெண்சாதி நல்லம்மா பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பச்சை உடம்பு. குரல் மட்டும் நன்றாகவே இருந்தது.

“மொளகு நனஞ்சா வெல போயிரும். புள்ள நனஞ்சா என்னா, வேற பெத்துக்கலாம். அப்பிடித்தானுங்களே மொதலாளி?”

ஸெய்னுலாப்தீன் ஏணியை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டுத் தன் வீட்டுக் கூரைக்கு ஏறினார்.

ஸரீனா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மகன் பெயரைச் சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவாள். “ரவூப்ட வாப்பா, நம்மட வீட்டு ஹோல்ல பாதி போதும் மூட்டைக்கு. அறையில அதுகள் இருந்துட்டுப் போகட்டுமே. பச்சப் புள்ள.”

“பொம்பளப் பேச்சுக் கேட்டுக் கூர கட்ட ஏலாது. அந்தக் கம்பிய எடு.”

எடுத்துக் கொடுத்தாள். தகரத்துக்கு மேலே மணல் சாக்குகளை அடுக்கி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். பின்னறைக் கூரையில் ஒரு கல்கூட வைக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

அவர் கீழே இறங்குவதற்குள் ஸரீனா ஒரு கூடையில் சோற்றையும் கருவாட்டுப் பொரியலையும் போர்வையையும் வைத்து நல்லம்மாவிடம் நீட்டினாள். அவள் போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டாள். சோறு தொண்டையில் இறங்காது, கோவிச்சுக்காதீங்கம்மா என்றாள்.

தூறலில் போனார்கள். அவன் தலையில் தகரப்பெட்டி, ஒரு கையில் சட்டி பானைகள். அவள் கையில் பிள்ளை. பக்கத்து வீட்டுக் கலந்தர் வேலியோரம் நின்று பார்த்தார். இந்தக் காலத்தில் மனுசனைவிட மிளகுக்குத்தான் மவுசு என்று, முதலாளிக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

ஸெய்னுலாப்தீன் பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பு வாரில் செருகிக்கொண்டார்.

ஸரீனா விறகை உள்ளே அடுக்கினாள். லாம்புகளுக்கு மண்ணெண்ணெய் விட்டாள். கோழிகளைக் கூடையில் போட்டு மூடினாள். கண் மட்டும் பின்னறையிலேயே இருந்தது. கடையிலிருந்து மூட்டைகள் வந்தன. எல்லாம் வீட்டு ஹோலுக்கே போயின. பின்னேரம் அஸர் தொழுகை நேரமாகியும் பின்னறைப் பூட்டைத் திறக்கவில்லை.

“அங்க மூட்ட வைக்கல்லயா?” என்று கேட்டாள்.

“பாப்பம்.”

அவளுக்கு விளங்கிவிட்டது. மூட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதுகளைக் கிளப்ப வேண்டும் என்று மனதில் இருந்திருக்கிறது. புயலைச் சாட்டாக வைத்துக் கிளப்பிவிட்டார். இருபத்திரண்டு வருசம் இந்த மனுசனோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விடியற்பக்கம் காற்று வந்தது. வீட்டுக் கூரை அசையவில்லை. பின்னால் ஏதோ பொத்தென்று விழுந்தது. ஸெய்னுலாப்தீன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தார்கள். பின்னறை இல்லை. சுவர் அப்படியே உள்ளே சரிந்து, கூரை மரம் அதன் மேல் கிடந்தது. பிள்ளைக்கு ஏணை கட்டியிருந்த மூலையில்தான் பெரிய மரம். விழுந்த சுவர் முழுக்கச் செம்மண். மேலே மட்டும் நகத்தளவு சீமெந்துப் பூச்சு.

சேதி மத்ரஸாவுக்கு எட்டியிருந்தது. செல்லச்சாமி ஓடி வந்தான். அந்த மூலையைப் பார்த்தவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னாலேயே வந்த நல்லம்மா முதலாளியின் காலைத் தொடக் குனிந்தாள்.

“சீ, எழும்பு” என்று விலகினார் அவர்.

“என்னென்னமோ பேசிட்டேனுங்க. எம்புள்ளய நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க. இந்த வாய் அழுகிப் போகட்டும்.”

கலந்தர் வேலியைத் தாண்டியே வந்துவிட்டார். அல்லாஹ்தான் ஸெய்னுலாப்தீன் காக்காவின் கல்பில், மனசில், அப்படிப் போட்டிருக்கிறான் என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றார். ஸெய்னுலாப்தீன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு மிளகு மூட்டையில் உட்கார்ந்தார்.

ஸரீனா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். இந்தத் தடவை கையில் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

“மன்னிச்சிக்கோங்க. ஒங்களப் பத்தி மனசுல கேவலமா நெனச்சிட்டேன். எனக்கிட்டயாவது சொல்லீக்கலாம்.”

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“சுவரு விழும் எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“கட்டின அன்டைக்கே தெரியும்” என்றார்.