வலப்பக்க இருக்கை

"பிரைவேட் ஜெட்டுக்கு வாடா. சம்பளம் ரெண்டு மடங்கு," என்றான் நண்பன்.

"முதலாளியோட பெட்டியை நாமதான் தூக்கணும்னு நீதானே புலம்பின?" என்று சிரித்தான் விமானி.

"அதுக்காக ஏர்லைன்ஸா? முதல் மாசமே உன்னை அந்த கேப்டனோட துணை விமானியா போடப்போறாங்களாம். மூச்சு விடவும் அனுமதி கேட்கணும். எவ்வளவு கறார்னு தெரியாதா?"

"எனக்கா தெரியாது?"

விமானி ஏர்லைன்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

தொப்பியும் பெட்டியுமாகக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, "சாப்பாடு மேசைமேல இருக்கு," என்றாள்.

"எப்பவும் நான் வந்தா நீ கிளம்பிடுற. இனிமே உன் பக்கத்து சீட்டுதான் எனக்கு. நிதானமா உட்கார்ந்து பேசலாம்."

"அங்க செக்லிஸ்ட் மட்டும்தான் பேசணும்," என்றாள் கேப்டன்.